ரிசீவர் பிரிக்காத பொட்டலம்

ஆம்புலன்ஸ் நாலு மணிக்கு. இப்போது மணி இரண்டே கால்.

கதவைத் திறந்த அக்காக்காரி 'வாங்க' என்பதற்கு முன் சொன்னது அதைத்தான். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றே பழகிய உடம்பு. அவள் உட்காரவும் இல்லை, வந்தவர்களை உட்காரச் சொல்லவும் இல்லை.

"நாலு மணிக்கு அப்பாவை ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பறாங்க. என் வீட்டுக்கா, இவன் வீட்டுக்கான்னு அதுக்குள்ள முடிவு பண்ணியாகணும். எனக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேணும் மேடம். அன்னைக்கு அப்பா கூப்பிட்டது இவனுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

'இவன்' முன்னறையில் பெரிய மேஜைக்குப் பின்னால் இருந்தான். வீட்டு வரைபடம் போடுகிற தொழில். கணினித் திரையில் யாரோ ஒருவருடைய மாடிப்படி பாதியில் நின்றது. கண்ணைத் திருப்பாமலே பேசினான்.

"படம் ஓடிட்டிருந்துச்சு. சண்டைப் படம். சுவரே அதிரும். எனக்கு ஒண்ணும் கேக்கல. இதை நூறு தடவை சொல்லியாச்சு."

"நூத்தியோராவது தடவை எங்களுக்குச் சும்மா கிடைச்சிருச்சு" என்றான், 'மேடம்' டெஸ்டரோடு வந்திருந்த வாய்தா.

டெஸ்டர் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான், தற்காலிகமாக.

பதினாறு வருடம் ரேடியோவும் டி.வி.யும் பழுது பார்த்துவிட்டு, 'பொய்யும் ஒரு லூஸ் கனெக்ஷன்தான்' என்று துப்பறியும் தொழிலுக்கு மாறியவள் அவள். மின்சாரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் டெஸ்டர் இன்றைக்கும் கைப்பையை விட்டு இறங்கியதில்லை. அதுவே பெயராகிவிட்டது. வாய்தா முன்பு வக்கீல் குமாஸ்தா. எந்த வழக்கையும் இன்னொரு தேதிக்குத் தள்ளிவைப்பதில் மன்னன். இந்த வழக்கைத் தள்ளிவைக்க வழியில்லை என்பது அவனுக்குப் படியேறும்போதே தெரிந்துவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். இவர்களுடைய அப்பா ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். மகனோடு இந்த வீட்டில் இருந்தார். பன்னிரண்டு நாளைக்கு முன், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், உள்ளறையில் தன் ஹோம் தியேட்டரில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. மகன் போய்ப் பார்த்தது ஏழு இருபதுக்கு. உயிர் தங்கியது. பேச்சும் வலது கைகாலும் போயின. இன்னும் அரைமணி முந்தி வந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கும் என்று டாக்டர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அந்த அரைமணி நேரத்தைத்தான் அக்காவும் தம்பியும் பன்னிரண்டு நாளாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு வருஷமா வெச்சுப் பார்த்தது நான்" என்றான் தம்பிக்காரன். "இங்கதான் வரணும்."

"கூப்பிட்டா வராதவன் கிட்டயா?" என்றாள் அக்கா.

"ரூமைக் காட்டுங்க" என்றாள் டெஸ்டர்.

செவ்வாய்க்கிழமை இரவே அக்கா அந்த அறையைப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுவிட்டாள். எதையும் அணைக்கவில்லை, எதையும் தொடவில்லை. உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, சுவரளவு டி.வி., மூலைக்கு மூலை ஸ்பீக்கர். டி.வி.க்குக் கீழே ஒரு கணினி. அதற்கும் கீழே, இரண்டு பேர் தூக்க வேண்டிய கனத்தில், பழைய ரிசீவர். படம் இருப்பது கணினியில். சத்தத்தை வாங்கிப் பெரிதாக்கி ஸ்பீக்கர்களுக்குப் பங்கு வைப்பது ரிசீவர். நடுவில் ஒரே ஒரு கேபிள்.

எல்லாவற்றின் மேலும் வெள்ளை ஒட்டுநாடா, அதில் மார்க்கர் எழுத்து. டி.வி.யில் 1, ரிசீவரில் 2, கணினியில் 3.

"வரிசையாப் போடணும்னு அர்த்தம்" என்றாள் டெஸ்டர். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம். "கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது எதிர்ல யார் இருக்கா, என்னென்ன தெரியும்னு கேக்கும். ரிசீவர் முன்னாடியே முழிச்சிருந்தாத்தான் பதில் சொல்லும். பெரியவர் தானாவே கண்டுபிடிச்சிருக்கார். நல்ல மெக்கானிக்."

வாய்தா குனிந்து ரிசீவரின் சின்னத் திரையைப் படித்தான். "சத்தம் எழுபத்தொன்னு. அப்ப தம்பி சொல்றது நிஜம் மேடம். எழுபத்தொன்னுல வெச்சா பக்கத்து ரூமுக்கு என்ன, பக்கத்து ஊருக்கே காது கேக்காது. கம்ப்யூட்டரும் படம் ஆறு அஞ்சுக்கு ஆரம்பிச்சு ஏழு அம்பத்திரண்டு வரைக்கும் முழுசா ஓடிச்சுன்னு சொல்லுது. நிறுத்த ஆள் இல்ல. கேஸ் டிஸ்மிஸ்."

அக்காவின் முகம் சுருங்கியது.

"சத்தக் குமிழுக்குக் கீழ ஒட்டியிருக்கறதையும் படி" என்றாள் டெஸ்டர்.

"படம் 38. பாட்டு 30." வாய்தா தாடையைச் சொறிந்தான். "சரி, அன்னைக்குப் படம் பிடிச்சுப்போச்சு. கூட்டிட்டார்."

"முப்பத்தெட்டு போதும்னு எழுதி ஒட்டினவர் எழுபத்தொன்னு வரைக்கும் போறாரா? பானையில சோறு இருந்தா யாரும் அடியைச் சுரண்ட மாட்டாங்க வாய்தா. படத்தைப் போடு."

அவன் போட்டான். பனிமலை, ராணுவ வண்டிகள், ஒரு தளபதி வாயைத் திறந்து ஏதோ கட்டளையிட்டார். சத்தம் இல்லை. திரையின் அடியில் அவர் பேசியது எழுத்தாக ஓடியது.

"படம் பேசற பாஷை அவர் பேசற பாஷைதானே?" என்றாள் டெஸ்டர். "எழுத்து எதுக்குப் போட்டார்?"

பாலம் ஒன்று மௌனமாக வெடித்துச் சிதறியது. காது கேட்கிற மனுஷன் ஒருவர், அந்த மௌனத்துக்கு முன்னால் உட்கார்ந்து குமிழைத் திருகித் திருகிப் பார்த்திருக்கிறார். நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபத்தொன்று. அப்புறம் போகட்டும் என்று எழுத்தைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்திருக்கிறார்.

"கேபிள் போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வாய்தா பட்டியலில் இருந்த ஒரு பாட்டை அமுக்கினான்.

அறை வெடித்தது. தபேலா அவன் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே அடித்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். டெஸ்டர் ஒரே எட்டில் குமிழைப் பிடித்துத் திருகினாள்.

"கேபிள் நல்லா இருக்கு" என்றான் வாய்தா, காதுக்குள் விரலை விட்டு ஆட்டியபடி. "எனக்குத்தான் ரிப்பேர்."

"ஸ்பீக்கரும் நல்லா இருக்கு, ரிசீவரும் நல்லா இருக்கு. பாட்டு வருது, படம் வரல. ஏன்?" டெஸ்டர் தரையில் சம்மணம் போட்டுவிட்டாள். இனி யார் தடுத்தாலும் விளக்காமல் எழுந்திருக்க மாட்டாள் என்பது வாய்தாவுக்குத் தெரியும். "பாட்டு ரெண்டே ஸ்பீக்கருக்கானது. திறந்த பாத்திரத்துல அப்படியே போயிடும். படத்துக்கு எட்டு ஸ்பீக்கரோட சத்தம். அத்தனையையும் அமுக்கி மடிச்சு ஒரே பொட்டலமாக் கட்டி வெச்சிருப்பாங்க. யாராவது பிரிக்கணும். கம்ப்யூட்டரே பிரிச்சு, இது இடது, இது வலது, இது பின்பக்கம்னு ஊத்திக் குடுக்கலாம். இல்ல, பொட்டலத்தைத் தொடாம அப்படியே கேபிள்ல தள்ளிவிட்டு, ரிசீவரே பிரிச்சுக்கட்டும்னு விடலாம்."

"ரெண்டுல எது ஒசத்தி?"

"வாங்கறவனுக்குப் பிரிக்கத் தெரிஞ்சா ரெண்டும் ஒண்ணுதான். இது பழைய ரிசீவர். பழைய முடிச்சு ரெண்டு வகை அவிழ்க்கத் தெரியும். இந்தப் படத்துல இருக்கறது அதுக்கப்புறம் வந்த முடிச்சு. பொட்டலத்தை வாங்கிக் கையில வெச்சுக்கிட்டு முழிக்குது."

"எங்க வக்கீல் மாதிரி. கட்டு வந்துக்கிட்டே இருக்கும், ஒருநாளும் பிரிக்க மாட்டார்." வாய்தா யோசித்தான். "ஆனா கம்ப்யூட்டர்தான் முதல்லயே உனக்கு என்ன தெரியும்னு கேக்கும்னீங்களே?"

"கேக்கும். நாம கேக்க விட்டா." அவள் படம் போடும் மென்பொருளில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு வகை முடிச்சின் பெயர். "இந்தப் பக்கம், 'நீ கேக்காதே, நான் சொல்றேன், ரிசீவருக்கு இதெல்லாம் தெரியும்'னு நாமளே சாட்சி சொல்றது. ஆறு பெட்டி. ஆறுலயும் டிக்."

"பொய்ச் சாட்சி."

"பொய்யுன்னு தெரியாமச் சொன்ன சாட்சி."

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப... சத்தமே இல்ல. இந்த ரூம்ல சத்தமே இல்ல. அப்பா கூப்பிட்டா அவனுக்குக் கேட்டிருக்கும்."

"கேட்டுச்சா இல்லையான்னு இப்பப் பாத்துடலாம். அப்பா தம்பியை எப்படிக் கூப்பிடுவார்னு மட்டும் சொல்லுங்க. வாய்தா, நீ முன்னாடி போய் அவர்கூட உக்காந்து ஏதாவது பேசிட்டிரு. அதான் உனக்கு வரும்."

போகிற வழியில் நாற்காலியின் இடுக்கில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. வாய்தா விரலை விட்டு எடுத்தான். பெரியவரின் போன். உயிரில்லாமல் கிடந்தது. அதை டெஸ்டரிடம் நீட்டிவிட்டு நடந்தான்.

முன்னறையில் தம்பிக்காரன் சுட்டெலியைப் பிடித்தபடியே இருந்தான். மாடிப்படி ஒரு படி கூட ஏறியிருக்கவில்லை.

"இந்தப் படிக்குக் கைப்பிடி வெக்க மாட்டீங்களா?" என்றான் வாய்தா.

"அது கடைசியில."

"எங்க வீட்ல அதைக் கடைசியில வெக்கறேன்னு சொன்னவர் கடைசி வரைக்கும் வெக்கல. மாமியார் உருண்டு வந்தாங்க. நல்லவேளை, அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. படிக்குத்தான்..."

"சின்னவனே!"

உள்ளறையிலிருந்து டெஸ்டரின் குரல். கத்தல் கூட இல்லை. கொஞ்சம் தூக்கிய குரல், அவ்வளவுதான்.

தம்பிக்காரனின் நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடித்தது. அவன் எழுந்து நின்றிருந்தான். ஒரு கால் ஏற்கெனவே உள்ளறைப் பக்கம் திரும்பியிருந்தது. அந்தக் காலை அவனே குனிந்து பார்த்தான். அப்புறம் வாய்தாவைப் பார்த்தான்.

வாய்தாவிடம் அந்த நேரத்துக்கு ஒரு நக்கல் தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு, "கேட்டுச்சு மேடம்" என்று மட்டும் உள்ளே குரல் கொடுத்தான்.

டெஸ்டரும் அக்காவும் முன்னறை வாசலில் வந்து நின்றார்கள்.

"எத்தனை தடவை கூப்பிட்டார்?" என்று கேட்டாள் டெஸ்டர்.

அவன் மேஜையைப் பார்த்துப் பேசினான்.

"நாலு."

"டேய்!" என்றாள் அக்கா.

"நாலு தடவைக்கா. அன்னைக்கு நாலு தடவை. அதுக்கு முன்னாடி வாரத்துல எத்தனை தெரியுமா உனக்கு? சின்னவனே, சத்தம் வரல. சின்னவனே, பேசறது ஒரு பக்கம் போகுது, உதடு ஒரு பக்கம் போகுது. சின்னவனே, பின்னாடி ஸ்பீக்கர் முனகுது. ஒரு கோடு போட்டா ஒரு தடவை எழுந்திருக்கணும். போவேன். எல்லாத்தையும் அணைச்சு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போடுவேன். கேபிளைப் புடுங்கிச் சொருகுவேன். வந்துடும். அவர் தேங்க்ஸ் கூடச் சொல்ல மாட்டார், கையை மட்டும் ஆட்டுவார். திரும்ப வந்து உக்காந்தா, திரும்பவும் சின்னவனே." மூச்சு வாங்கினான். "அன்னைக்கு ஏழு மணிக்குள்ள ஒரு பிளான் அனுப்பியாகணும். ஆறேகால்ல இருந்து கூப்பிட ஆரம்பிச்சார். இதோ போறேன், இதோ போறேன்னு... நாலாவது தடவை பேரு சரியா வரல. குழறிச்சு. பல்செட்டைக் கழட்டிட்டார்னு நெனச்சேன்."

"உள்ள போய்ப் பாத்தப்பவே சத்தம் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள் டெஸ்டர்.

"தெரியும். டாக்டர் எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டார். படச் சத்தத்துல கேக்கலன்னு வாய்ல வந்துச்சு. வந்ததைப் புடிச்சுக்கிட்டேன்."

அக்கா தன் கைப்பையைத் தோளில் மாட்டினாள். அழுவாள் என்று வாய்தா நினைத்தான். அவளோ தீர்ப்பு வாங்கியவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள். "எனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு மேடம். கேட்டுச்சு. கேட்டும் போகல. இதை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. அப்பா என் வீட்டுக்கு வரார். நீ ஆஸ்பத்திரிப் பக்கம் கூட வராதே."

அவன் தலையாட்டினான்.

வாய்தா மணியைப் பார்த்தான். மூன்றே முக்கால். கசப்பாக இருந்தாலும் வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று எழுந்தான். டெஸ்டர் நகரவில்லை.

"எழுதிக் குடுக்கறேன். ஆனா ஒரு கேபிள் இன்னும் தொங்குது. எனக்கு அதைச் சொருகாமப் போகத் தெரியாது." அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "திங்கக்கிழமை வரைக்கும் சத்தம் கோளாறு பண்ணினாலும் வந்துட்டிருந்துச்சு. செவ்வாய்க்கிழமை சுத்தமா நின்னுபோச்சு. அந்த ஆறு டிக்கை யார் போட்டது?"

"இவனாத்தான் இருக்கும். நோண்டிக்கிட்டே இருப்பான்."

"நான் அந்தப் பக்கமே போனதில்ல. எனக்குத் தெரிஞ்சது அணைச்சுப் போடறது ஒண்ணுதான்" என்றான் அவன்.

"தூரத்துல இருந்து ஒரு கம்ப்யூட்டரைத் தொடணும்னா அதுக்கு ஒரு மென்பொருள் வேணும். அது உள்ளறைக் கம்ப்யூட்டர்ல இருக்கு" என்றாள் டெஸ்டர் நிதானமாக. "அது ஒரு நல்ல காவல்காரன். யார் வந்தாங்க, எப்பப் போனாங்கன்னு தானாவே எழுதி வெக்கும். செவ்வாய்க்கிழமை காலையில பதினொண்ணு இருபதுக்கு வந்து பதினொண்ணு முப்பத்தஞ்சுக்குப் போனவங்க பேரும் அதுல இருக்கு."

அக்காவின் தோளிலிருந்து பை வழுக்கி முழங்கைக்கு வந்தது.

"நல்லதுக்குத்தான் போட்டேன்" என்றாள். குரல் தேய்ந்திருந்தது. "திங்கக்கிழமை போன் பண்ணி, இவன் எரிஞ்சு விழறான், நீ கொஞ்சம் பாரும்மான்னார். கூட்டம் இல்லாத நேரம் பாத்து, கடையில இருந்தே அவர் கம்ப்யூட்டருக்குள்ள போனேன். எல்லா டிக்கையும் போட்டா எல்லாச் சத்தமும் முழுசா வரும்னு நெட்ல ஒருத்தன் எழுதியிருந்தான். போட்டேன். ஒரு பாட்டு போட்டுப் பாத்துக்கறேன்னு அப்பா சொன்னார். அருமையா வருதுன்னார். இவன் ரெண்டு வருஷமா செய்யாததை நான் கால் மணி நேரத்துல செஞ்சுட்டேன்னு..." நிறுத்தினாள். "பாட்டு வந்துச்சே."

"பாட்டு வரும்" என்றாள் டெஸ்டர். "பாட்டு பொட்டலம் இல்ல."

"யார் வேணும்னா பண்ணியிருக்கக்கூடிய தப்பு. அதுக்காக, கூப்பிட்டது கேட்டும் போகாதவனும் நானும் ஒண்ணா?"

டெஸ்டர் பெரியவரின் போனை மேஜையில் வைத்தாள். உள்ளறையில் சார்ஜ் ஏறியிருந்தது. பூட்டும் இல்லை, ரகசிய எண்ணும் இல்லை. திரையில் கடைசியாகப் பேசியவர்களின் பட்டியல். தம்பிக்காரன் எட்டிப் பார்த்தான். வாய்தாவும் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை. பெரியவள். ஆறு நாற்பத்துமூன்று. ஒன்பது விநாடி.

"எடுத்திருக்கீங்க" என்றாள் டெஸ்டர்.

அக்கா சுவரில் சாய்ந்தாள். இவர்கள் வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் உட்கார இடம் தேடினாள். இடம் இல்லாமல் தரையில் உட்கார்ந்தாள்.

"ஹலோ ஹலோன்னேன். அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. மூச்சு மாதிரி ஏதோ. எதிர்ல மருந்துச் சீட்டை நீட்டிக்கிட்டு அஞ்சு பேர். மறுபடி அந்தச் சத்தப் பிரச்சினைதான், போனை ஸ்பீக்கர் கிட்டக் காட்டறார் போலன்னு... 'அப்பா, தம்பியக் கூப்பிடுங்க'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்."

"கூப்பிட்டார்" என்றான் தம்பிக்காரன். அதில் கோபம் கூட இல்லை. "அதுக்கு முன்னாடியே கூப்பிட்டு முடிச்சுட்டார்."

"பன்னெண்டு நாளா அந்த ஒன்பது செகண்டு என்னைத் தின்னுது மேடம்." அவள் டெஸ்டரிடம் பேசவில்லை, தரையிடம் பேசினாள். "இவனுக்குக் கேட்டுச்சுன்னு யாராவது சொல்லிட்டா, என்னோடது கொஞ்சம் சின்னதாத் தெரியும்னு நெனச்சேன். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"தெரியுதா?" என்று கேட்டாள் டெஸ்டர்.

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

மேஜையில் அவளுடைய போன் அடித்தது. தரையில் இருந்தபடியே அவள் வாய்தாவைப் பார்த்தாள். அவன் எடுத்தான்.

"ஆம்புலன்ஸ் டிரைவர்" என்றான், போனின் வாயைப் பொத்திக்கொண்டு. "பெரியவரை ஏத்தியாச்சாம். எந்த வீட்டுக்குன்னு கேக்கறார்."

தம்பிக்காரன் அக்காவைப் பார்த்தான். அக்கா தம்பியைப் பார்த்தாள்.

"நீயே வெச்சுக்கடா" என்றாள் அவள். "அவர் பழகின வீடு. என் வீட்ல பகல் பூரா அவர் தனியா இருக்கணும். நான் கடையில நின்னா போனைக் கூட... வேணாம். உன் கிட்டயே இருக்கட்டும்."

"வேணாம்கா." அவன் பின்னால் நகர்ந்தான். "இப்ப அவரால கூப்பிடக் கூட முடியாது. கூப்பிட்டப்பவே போகாதவன் நான். நீ கூட்டிட்டுப் போ. நீதானே உன் வீட்டுக்குக் கேட்டே."

"நீயும்தான் கேட்டே."

இரண்டே கால் மணிக்கு இரண்டு வீடுகள் அந்த மனுஷனுக்காக அடித்துக்கொண்டன. வாய்தா மணியைப் பார்த்தான். நாலு அடிக்க ஐந்து நிமிடம். வாழ்நாளில் எத்தனையோ வழக்குகளுக்கு அவன் தேதி கேட்டு வாங்கியிருக்கிறான்.

அவன் டெஸ்டரைப் பார்த்தான். அவள் கைப்பையை மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சரிசெய்ய முடியாத ஒன்றைப் பார்ப்பதுபோல் அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹலோ, சார்? எந்த அட்ரஸ்?" என்றது போன். பின்னால் வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "பேஷண்ட் வாசலையே பாத்துட்டிருக்கார் சார். சீக்கிரம் சொல்லுங்க."